ஊற்றுக்கும் உண்டு அரியர் ஹிஸ்டரி!



போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. ஹாஸ்டல் மெஸ்ஸில் சப்பாத்திக்கு வரிசையில் நிற்கிறேன். பின்னாடி நின்ற பக்கத்து ரூம் நண்பன் திடீரென்று ஒரு கேள்வி கேட்டான். "டேய், ஸ்கூல்ல அமில மழை, அமில மழைனு ஒரு பாடம் வருமே... அஞ்சு மார்க் கேள்வி, கூடவே தாஜ்மஹால். அது என்னடா ஆச்சு? இப்ப யாருமே அதப் பத்திப் பேசுறதில்லையே?"

"நின்னுபோச்சு போலடா"ன்னு சொல்லிட்டு குருமாவை வாங்கிக்கிட்டு நகர்ந்துட்டேன். ஆனா சாப்பாடு இறங்கல. இன்ஜினீயரிங் மூணாவது வருஷம் படிக்கிறோம், ஒரு பத்திரிகையில் மாணவ நிருபர்னு அடையாள அட்டை வேற வாங்கி வெச்சிருக்கோம், ஒரு அஞ்சு மார்க் கேள்விக்குப் பதில் தெரியலையே! மறுநாள் லைப்ரரிக்குப் போனேன். (ஏ.சி. இருக்கும்கிறதும் ஒரு காரணம்.) அங்கே கிடைச்ச பதில் கொஞ்சம் விவகாரமானது.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மழை பெருமளவு சுத்தமாயிடுச்சு. ஆனா காட்டு ஊற்றுத் தண்ணி உடனே சுத்தமாகல. மழை நல்லவனா மாறி பல வருஷம் கழிச்சும் ஊற்று மட்டும் பழைய கதையையே சொல்லிக்கிட்டு இருந்துச்சு. ஏன்? யார் குற்றவாளி? இதைக் கண்டுபிடிச்ச துப்பறியும் கதைதான் இந்த வாரம்.

சால்ட் அனாலிசிஸ் ஞாபகம் இருக்கா?

பிளஸ் டூ கெமிஸ்ட்ரி பிராக்டிகலை ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க. உப்புக் கரைசலில் பேரியம் குளோரைடை ரெண்டு சொட்டு விட்டா, பால் மாதிரி வெள்ளை வீழ்படிவு. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரையலைன்னா, 'சல்பேட் உறுதி செய்யப்பட்டது.' ஃபுல் மார்க்!

ஒரு உண்மையைச் சொல்லிடறேன். எங்க பரீட்சையில் எனக்கு வந்தது என்ன உப்புன்னு சோதனைக் குழாயைக் கையில் எடுக்கறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். எப்படித் தெரியும்னு கேட்காதீங்க. அதனால பேரியம் குளோரைடை நான் சரியா விட்டேனான்னுகூட நினைவில்லை. அப்ப எனக்கு அது வெறும் வெள்ளைப் பொடி.

அதே வெள்ளைப் பொடிதான் இந்தக் கதையின் ஹீரோ. வயித்து எக்ஸ்ரே எடுக்க, குடிக்கக் கொடுப்பாங்களே பேரியம், அதே பேரியம் சல்பேட்தான். விஞ்ஞானிகள் காட்டு ஊற்றிலிருந்து தண்ணி பிடிச்சு வந்து, வடிகட்டி, பேரியம் குளோரைடு விட்டு, அதிலிருக்கும் சல்பேட்டை இந்தப் பொடியா இறக்கிடுவாங்க. லிட்டருக்கு 5 மில்லிகிராம் சல்பேட் இருக்கிற தண்ணின்னா, ஒரு லிட்டருக்கு சுமார் 12 மில்லிகிராம் பொடி கிடைக்கும். தண்ணி ரொம்ப நீர்த்திருந்தா, முதலில் அயனிப் பரிமாற்றப் பிசின் வழியா விட்டு சல்பேட்டைப் பிடிச்சுவெச்சு, அப்புறம் வெளியே எடுப்பாங்க.

நம்ம பிராக்டிகல் இங்கேயே முடிஞ்சிடும். 'என்ன இருக்கு?' என்ற கேள்விக்குப் பதில் வந்தாச்சு. அவங்க வேலை இங்கேதான் ஆரம்பம். அவங்க கேள்வி, 'இது எங்கிருந்து வந்துச்சு?'

நாலு பேர் ஒரே வீட்டில்

கந்தகம்னா ஒரே கந்தகம்தானே? இல்லை. இயற்கையில் நிலையான கந்தக அணுக்கள் நாலு வகை. நிறை எண் 32, 33, 34, 36. எல்லோருக்கும் புரோட்டான் 16-தான். அதனால வேதியியல் குணம் ஒண்ணுதான். நியூட்ரான் எண்ணிக்கை மட்டும் வேற. இதைத்தான் ஐசோடோப்னு படிச்சோம். நூறு கந்தக அணுவை எடுத்தா, சுமார் 95 பேர் 32-காரங்க. நாலு பேருக்குக் கொஞ்சம் மேலே 34-காரங்க. மிச்சம் ரெண்டு பேரும் சில்லறை.

இந்த 32-க்கும் 34-க்கும் இருக்கிற விகிதம் எல்லா இடத்திலும் துல்லியமா ஒண்ணா இருக்காது. ஆயிரத்தில் ஒண்ணு, ரெண்டு, பத்துன்னு வித்தியாசப்படும். கடல் நீர் சல்பேட்டில் 34 கொஞ்சம் தூக்கலா இருக்கும். பாறையில் இருக்கிற பைரைட்டில் பல நேரம் குறைவா இருக்கும். நிலக்கரிப் புகையில் வேற. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பேச்சுவழக்கு இருக்கிற மாதிரின்னு வெச்சுக்கோங்களேன். 'ஏலே'ன்னா நெல்லை, 'ஏனுங்'ன்னா கோவை. ஆளைப் பார்த்தாத் தெரியாது, வாயைத் திறந்தாத் தெரிஞ்சிடும்!

வாயைத் திறக்க வைக்கிற மெஷின்தான் நிறை நிறமாலைமானி. அந்த வெள்ளைப் பொடியில் ஒரு மில்லிகிராமுக்கும் குறைவா எடுத்து, தகரக் கிண்ணத்தில் மடிச்சு, ஆயிரம் டிகிரிக்கு மேல சூடேற்றினா கந்தகம் எல்லாம் கந்தக டை ஆக்சைடா மாறும். அந்த வாயுவை மெஷினுக்குள்ளே அனுப்பி, காந்தப்புலத்தில் வளைச்சா, எடை குறைவானவன் அதிகமா வளைவான், எடை கூடினவன் குறைவா வளைவான். 64-இல் ஒரு கூட்டம், 66-இல் ஒரு கூட்டம். ரெண்டையும் எண்ணி வகுத்தா விகிதம் ரெடி.

எதோட ஒப்பிடுறது? இங்கேதான் சினிமா. சுமார் 50,000 வருஷத்துக்கு முன்னாடி அமெரிக்காவின் அரிசோனாவில் விழுந்த 'கேன்யன் டயாப்ளோ' விண்கல்லில் ட்ரோய்லைட்னு ஒரு இரும்புச் சல்ஃபைடு கனிமம் இருக்கு. அதிலிருக்கிற கந்தகத்தைத்தான் பூஜ்யம்னு வெச்சாங்க. அந்தக் கல்லும் ஒரே சீரா இல்லைன்னு பிற்பாடு தெரிஞ்சதால, இப்ப சர்வதேச அணுசக்தி முகமை தர்ற ஒரு வெள்ளி சல்ஃபைடு மாதிரியை வெச்சு அந்தப் பூஜ்யத்தைக் கணக்குப் பண்றாங்க. இந்த அளவுகோலுக்குப் பேர் டெல்டா 34. ஆயிரத்துக்கு எத்தனை கூடுதல், எத்தனை குறைவுன்னு சொல்லும். கடல் சல்பேட் சுமார் பிளஸ் 21. ஐரோப்பியக் காடுகளில் விழுந்த தொழிற்சாலைக் காலத்து மழை பெரும்பாலும் பிளஸ் ஒற்றை இலக்கம்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு: மழை பிளஸ் 5, பாறை மைனஸ் 5. ஊற்றில் பிளஸ் 3 வந்தா? மழை 80 சதவிகிதம், பாறை 20 சதவிகிதம். எட்டாம் வகுப்புக் கலவைக் கணக்குதான் பாஸ்!

கறுப்பு முக்கோணம்

இப்ப ஜெர்மனிக்குப் போவோம். விசா வேண்டாம்.

பவேரியா மாநிலத்தின் வடகிழக்கு மூலையில், செக் எல்லையை ஒட்டி ஃபிக்டெல்கெபிர்கே-ன்னு ஒரு மலை. (மூணு தடவை சொல்லிப் பாருங்க, வாய் பழகிடும்.) கிரானைட் பாறை, மேலே ஸ்ப்ரூஸ் மரக்காடு. உயரமான சிகரம் 1,051 மீட்டர். மைன், சாலே, ஏகர், நாப்னு நாலு நதிகள் இங்கே பிறந்து, நாலு திசைக்கும் ஓடுது. அதாவது, இங்கே ஊற்றுங்கிறது சும்மா வேடிக்கை பார்க்கிற இடம் இல்லை, நதிகளுக்கே தாய்வீடு.

இந்த மலைக்குக் கிழக்கேயும் வடகிழக்கேயும் அந்தக் காலத்துச் செக்கோஸ்லோவாகியா, கிழக்கு ஜெர்மனி, போலந்து மூணும் சந்திக்கிற பகுதி. அங்கே பூமிக்கடியில் பழுப்பு நிலக்கரி. நம்ம நெய்வேலியில் எடுக்கிற அதே இனம்தான். ஆனா அங்கத்து நிலக்கரியில் கந்தகம் ஜாஸ்தி. அதை எரிச்ச மின் நிலையங்கள் வருஷக்கணக்கா கந்தக டை ஆக்சைடைக் கக்கித் தள்ளின. காடுகள் மொட்டையாச்சு. அந்தப் பகுதிக்கே 'கறுப்பு முக்கோணம்'னு பேர் வந்துடுச்சு. புகைக்குப் பாஸ்போர்ட் கிடையாதே! எல்லை தாண்டி இந்த மலைக்கும் வந்துச்சு. ஸ்ப்ரூஸ் மரங்களின் ஊசி இலைகள் மஞ்சளாக ஆரம்பிச்சது. 1981 நவம்பரில் 'டெர் ஷ்பீகல்' பத்திரிகை, காடு சாகிறதுன்னு அட்டைப்படம் போட்டது. ஜெர்மனி முழுக்க அதே பேச்சு.

கந்தக டை ஆக்சைடு காற்றிலேயே கந்தக அமிலமா மாறும். மழையோட மண்ணில் இறங்கும்போது சல்பேட்டா இறங்கும். இதில் ஒரு வில்லங்கம் இருக்கு. சல்பேட் மண்ணை விட்டுத் தனியா வெளியே போகாது. கிளாஸை கட் அடிக்கிறவன் பக்கத்து பெஞ்ச்காரனையும் இழுத்துட்டுப் போவானே, அந்த மாதிரி! சல்பேட்டுக்கு எதிர்மின்சுமை ரெண்டு. அதனால நேர்மின்சுமை உள்ள யாரையாவது ஜோடி சேர்த்துக்கிட்டுத்தான் தண்ணியில் போகும். முதலில் மாட்டுறது கால்சியமும் மெக்னீசியமும், அதாவது மரத்தோட சாப்பாடு. அவங்க தீர்ந்துபோனா, அடுத்து அலுமினியம் கரைஞ்சு வரும். அது வேருக்கும் ஆகாது, ஓடையில் இருக்கிற மீனுக்கும் ஆகாது. இலை மஞ்சளானதுக்கு மெக்னீசியப் பற்றாக்குறை ஒரு முக்கியக் காரணம்.

ஆக, 'சல்பேட் இருந்தா என்ன, உப்புதானே'ன்னு விட முடியாது. ஊற்றில் சல்பேட் ஓடுற வரைக்கும் மண்ணோட சத்தும் கூடவே ஓடுது.

சிம்னி நின்னுச்சு, ஊற்று நிக்கல

1989-90ல் ஆட்சிகள் மாறின. ஜெர்மனி ஒண்ணாச்சு. பழைய ஆலைகள் மூடப்பட்டன. செக் குடியரசின் பெரிய மின் நிலையங்களுக்கெல்லாம் 1990-களின் முடிவுக்குள் கந்தகம் நீக்கும் கருவி வந்துடுச்சு. காற்றில் கந்தகம் கிடுகிடுன்னு இறங்குச்சு. எல்லோரும் என்ன எதிர்பார்த்தாங்க? அப்பாடா, இனி ஊற்றும் ஓடையும் சரியாயிடும்!

ஆகல. பல இடங்களில் ஊற்றிலும் ஓடையிலும் சல்பேட் குறைஞ்ச வேகம், மழையில் குறைஞ்ச வேகத்துக்குப் பக்கத்திலேயே வரல. சில ஊற்றுகள் அசையவே இல்லை.

இங்கேதான் எனக்கு ஒரு ஆளோட ஞாபகம் வந்துச்சு. வேற யாரு, நான்தான். முதல் செமஸ்டரில் ஒரு பேப்பர் போச்சு. (அதுவும் கெமிஸ்ட்ரி. சிரிக்காதீங்க.) அடுத்த செமஸ்டரில் இருந்து ஒழுங்கா படிச்சேன், புதுப் பேப்பர் எதுவும் போகல. ஆனா அந்தப் பழைய அரியர் மூணு செமஸ்டர் என்னோடயே வந்துச்சு. மண்ணுக்கும் அதே கதைதான். இத்தனை வருஷமா மழையில் வந்த கந்தகத்தில் ஒரு பகுதியை மண் உள்ளேயே பிடிச்சு வெச்சிருந்தது. இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளின் மேல சல்பேட்டா ஒட்டவெச்சது ஒரு பங்கு. செடி, நுண்ணுயிர் வழியா கரிமக் கந்தகமா மாற்றி மக்கில் சேர்த்தது இன்னொரு பங்கு. மழையில் கந்தகம் குறைஞ்சதும் அந்த ஸ்டாக் மெதுவா வெளியே வருது. அதுதான் மண்ணோட அரியர்.

ஆனா 'இதுதான் காரணம்'னு வாயால சொன்னாப் போதுமா? பாறையிலிருந்து வந்திருக்கலாமே? இன்னும் எங்கிருந்தோ புகை வந்துக்கிட்டே இருக்கலாமே? ஆலைக்காரர், "நாங்க ஃபில்டர் போட்டாச்சு சார், இது உங்க மலையோட பிரச்னை"ன்னு சொல்லலாமே? ஆதாரம் வேணும். ஐசோடோப் களத்தில் இறங்குச்சு.

சாட்சி ஒண்ணு போதாது

காத்தோட்டமான காட்டு மண்ணில் சல்பேட் ஒட்டினாலும் பிரிஞ்சாலும், செடி எடுத்துத் திருப்பிக் கொடுத்தாலும் 34-ன் விகிதம் பெரிசா மாறாது. அதனால, மழையில் என்ன எண்ணோ, ஊற்றிலும் ஏறத்தாழ அதே எண் வந்தா, 'இந்தக் கந்தகம் வானத்திலிருந்து வந்ததுதான், பாறை இல்லை'ன்னு சொல்லிடலாம். ஒரு சந்தேக நபர் அவுட்.

ஆனா இது நேரா மழையிலிருந்து வந்துச்சா, மண்ணில் பல வருஷம் தங்கிட்டு வந்துச்சா? கந்தகம் வாயைத் திறக்காது, ரெண்டுக்கும் ஒரே பேச்சு. இங்கேதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச திருப்பம். சல்பேட்னா ஒரு கந்தகத்தோட நாலு ஆக்ஸிஜன். அந்த ஆக்ஸிஜனையும் விசாரிச்சாங்க! காற்றில் உருவான சல்பேட்டில் 18 நிறை எண் உள்ள ஆக்ஸிஜன் தூக்கலா இருக்கும். அந்தச் சல்பேட்டைச் செடியோ நுண்ணுயிரோ சாப்பிட்டு, கரிமக் கந்தகமா மாற்றி, அது மக்கி மறுபடி சல்பேட்டா வரும்போது பழைய ஆக்ஸிஜன் போயிடும். புது ஆக்ஸிஜனில் ஒரு பங்கு மண் தண்ணியிலிருந்து வரும். அதில் 18 குறைவு. அதாவது, கந்தகம் அதே ஆள், சட்டை மட்டும் வேற!

ஜெர்மனியின் கறுப்புக் காட்டில் இருக்கிற ஷ்லூக்ஸே, வில்லிங்கன் நீர்ப்பிடிப்புப் பகுதிகளில் பெர்ன்ஹார்ட் மேயர் குழு 1995ல் வெளியிட்ட ஆய்வு இந்த ரெண்டு சாட்சியையும் கூண்டில் ஏத்துச்சு. கந்தகம், ஆக்ஸிஜன் ரெண்டையும் சேர்த்துப் பார்த்ததால்தான் மண்ணுக்குள்ளே நடக்கிற உயிரியல் சுழற்சி வெளியே தெரிஞ்சது. கந்தகத்தை மட்டும் பார்த்திருந்தா, 'மழை வந்துச்சு, போச்சு'ன்னு தப்பா முடிவு கட்டியிருப்போம்.

மூணாவது சாட்சியும் உண்டு. 35 நிறை எண் உள்ள கந்தகம். இவன் கதிரியக்கக்காரன். வளிமண்டலத்தில் ஆர்கான் அணுவைக் காஸ்மிக் கதிர் அடிக்கும்போது பிறப்பான், 87 நாளில் பாதியாயிடுவான். ஓடையில் இவன் இருந்தா சரக்கு புதுசு, இல்லைன்னா பழசு. பால் பாக்கெட்டில் தேதி போட்ட மாதிரி! அமெரிக்காவின் வடகிழக்குக் காடுகளில் பனி உருகி ஓடைகள் பொங்குற சமயம் சோதிச்சப்போ, அதில் ஓடின சல்பேட்டில் அந்தக் குளிர்காலத்துப் பனியோட பங்கு குறைவுதான், பெரும்பகுதி பழைய ஸ்டாக்குன்னு தெரிஞ்சது.

சேத்துக்குள்ளே ஒரு சேமிப்புக் கணக்கு

ஃபிக்டெல்கெபிர்கேயில் லேஸ்டன்பாக்னு ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதி. பரப்பு வெறும் 4.2 சதுர கிலோமீட்டர். பய்ராய்ட் பல்கலைக்கழகக்காரங்க வருஷக்கணக்கா அலசி ஆராய்ஞ்ச இடம். அங்கே மேட்டில் காடு, பள்ளத்தில் சதுப்பு. கிறிஸ்டின் அலெவெல், மத்தியாஸ் கேரே ரெண்டு பேரும் 1999ல் வெளியிட்ட ஆய்வில், சதுப்புப் பக்கம் வேற ஒரு விஷயம் நடக்கிறதை ஐசோடோப் காட்டிக் கொடுத்துச்சு.

சேத்துக்குள்ளே ஆக்ஸிஜன் கிடையாது. அங்கே இருக்கிற சில பாக்டீரியாக்கள் ஆக்ஸிஜனுக்குப் பதிலா சல்பேட்டை வெச்சு சுவாசிக்கும். கழிவா வர்றது ஹைட்ரஜன் சல்ஃபைடு, நம்ம லேப் வராந்தாவில் மூக்கைப் பொத்த வைக்குமே, அந்த அழுகின முட்டை நாத்தம். இந்த பாக்டீரியாவுக்கு ஒரு குணம். லேசான 32-ஐத்தான் முதலில் எடுக்கும். கனமான 34 தண்ணியிலேயே மிஞ்சும். அதனால தண்ணியில் சல்பேட் குறைவாகவும் டெல்டா 34 உயர்வாகவும் சேர்ந்து வந்தா, 'அண்ணன் இங்கே வேலை பார்க்கிறார்'னு அர்த்தம். சல்பேட் கந்தகமா சேத்தில் உட்காருது. தண்ணியோட அமிலமும் குறையுது. நல்ல விஷயம்தானே?

நல்ல விஷயம்தான், சேறு ஈரமா இருக்கிற வரைக்கும். கோடை கடுமையாகி, நீர்மட்டம் இறங்கி, சேத்துக்குள்ளே காற்று புகுந்தா, சேர்த்துவெச்ச கந்தகம் மறுபடி ஆக்ஸிஜனோட சேர்ந்து சல்பேட்டாகும், அமிலமும் வரும். அடுத்த மழையில் மொத்தமா ஓடையில் இறங்கும். கனடாவின் ஒன்டாரியோ பகுதியில் வறண்ட கோடைக்குப் பின்னால இப்படி சல்பேட் பொங்குறதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்காங்க. ஆலை மூடி வருஷங்கள் கழிச்சும், ஒரு வறட்சி வந்தா பழைய புகை தண்ணியா திரும்பி வரும். பூமி சூடாகுற காலத்தில் இதைச் சாதாரணமா எடுத்துக்க முடியாது.

காட்டுக்கே கூரை போட்டவங்க

ஸ்வீடன்காரங்க இன்னும் ஒரு படி மேலே போனாங்க. 'மழை இன்னிக்கே சுத்தமாயிட்டா ஊற்று எப்போ சுத்தமாகும்?' காத்திருக்கப் பொறுமையில்லை. கார்ட்ஷானில் ஒரு சின்ன நீர்ப்பிடிப்புப் பகுதி முழுக்க, மரக்கிளைகளுக்குக் கீழே 1991ல் பிளாஸ்டிக் கூரையே போட்டுட்டாங்க! அமில மழை கூரையில் விழுந்து வெளியே போயிடும். கூரைக்கடியில் கடல் உப்பு மட்டும் கொஞ்சம் சேர்த்த சுத்தமான தண்ணியைத் தெளிச்சாங்க. கடல் சல்பேட்டோட டெல்டா 34 தனியாத் தெரியுமே! அதனால வெளியேறும் தண்ணியில் எது புதுசு, எது மண்ணோட பழைய பாக்கின்னு பிரிக்க முடிஞ்சது. வருஷங்கள் போயும் மண்ணோட பழைய கந்தகம் வந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு.

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் ஹப்பர்ட் ப்ரூக் காடு. 1963ல் ஜீன் லைகன்ஸ் குழு அங்கே பிடிச்ச முதல் மழை மாதிரியோட பி.எச். 3.7. கார்பன் டை ஆக்சைடு மட்டும் கரைஞ்ச சாதாரண மழை 5.6. பி.எச்-சில் ஒண்ணு குறைஞ்சா பத்து மடங்குன்னு படிச்சோமே, அந்தக் கணக்கில் சுமார் 80 மடங்கு அமிலம்! அவங்க செஞ்ச புத்திசாலித்தனமான வேலை ஒண்ணு: தண்ணி மாதிரிகளைப் பாட்டிலில் பத்திரமா எடுத்து வெச்சாங்க. 1966 முதல் 1994 வரைக்குமான அந்தப் பழைய மழை, ஓடை மாதிரிகளைப் பிற்பாடு ஐசோடோப் சோதனைக்கு எடுத்தாங்க. மழையில் உள்ளே வர்ற கந்தகத்தைவிட ஓடையில் வெளியே போறது அதிகமா இருந்த புதிருக்கு, மண்ணில் மக்கிக்கிட்டிருந்த கரிமக் கந்தகம் ஒரு முக்கிய விடையாத் தெரிஞ்சது. யோசிச்சுப் பாருங்க. பாட்டிலில் அடைச்சவங்களுக்கு இப்படி ஒரு சோதனை வரும்னு தெரியாது. ஆனாலும் தேதி எழுதி, லேபிள் ஒட்டி, வெச்சாங்க. நான் ரெக்கார்ட் நோட்டில் அப்சர்வேஷனையே முந்தின பேட்ச் சீனியர்கிட்ட வாங்கி எழுதினவன். கொஞ்சம் வெட்கமாத்தான் இருந்துச்சு.

அங்கே இன்னொண்ணும் நடந்துச்சு. அமிலம் குறைஞ்சும் மண்ணோட கால்சியம் திரும்பி வரல. 1999 அக்டோபரில் ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதி முழுக்க வொலஸ்டோனைட்னு ஒரு கால்சியம் சிலிகேட்டை ஹெலிகாப்டரில் பறந்து தூவினாங்க. பல வருஷம் தண்ணியில் இழந்த சத்தை ஆகாயத்திலிருந்து ஊட்ட வேண்டியதாப் போச்சு.

நமக்கென்ன?

நம்ம ஊர் மழைக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு. காற்றில் பறக்கிற மண் தூசியில் இருக்கிற கால்சியம் அமிலத்தை ஓரளவு சமன் பண்ணிடும். அதுக்காக நிம்மதியா தூங்கிட முடியாது. 2015 டிசம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அனல் மின் நிலையங்களின் கந்தக டை ஆக்சைடுக்கு வரம்பு வெச்சது. புகையைச் சுண்ணாம்புக்கல் கரைசலில் குளிப்பாட்டி, கந்தகத்தை ஜிப்சமா பிடிக்கிற கருவி பொருத்தணும். முதல் கெடு 2017. அது பலமுறை தள்ளிப்போய், 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு அந்த வரம்பிலிருந்து விலக்கு கொடுத்தாச்சு. நம்ம நிலக்கரியில் கந்தகம் குறைவு, கருவிக்குச் செலவு அதிகம்னு ஒரு வாதம். உடம்புக்கும் மண்ணுக்கும் ஆகாதுன்னு எதிர்வாதம்.

தீர்ப்பு சொல்ல நான் வரல. எனக்கு இருபது வயசு. ஆனா நம்மில் நிறைய பேர் இன்னும் ரெண்டு வருஷத்தில் ஏதாவது ஒரு பாய்லர் பக்கத்தில் ஹெல்மெட் மாட்டிக்கிட்டு நிப்போம். 'இப்ப ஓட்டுவோம், பிரச்னை வந்தா அப்ப நிறுத்திக்கலாம்'னு யாராவது மீட்டிங்கில் சொல்லுவாங்க. அப்போ அந்த ஃபிக்டெல்கெபிர்கே ஊற்றை நினைச்சுக்கணும். நிறுத்துற தேதி நம்ம கையில். சரியாகுற தேதி மண்ணு கையில்.

கேம்பஸ் இன்டர்வியூ படிவத்தில் ரெண்டு கட்டம் இருக்கும், பார்த்திருப்பீங்க. 'ஸ்டாண்டிங் அரியர் இருக்கா?' 'ஹிஸ்டரி ஆஃப் அரியர்ஸ் இருக்கா?' முதல் கட்டத்தில் இப்ப நான் தைரியமா 'இல்லை'ன்னு எழுதுவேன். ரெண்டாவதில் 'ஆமா'ன்னுதான் எழுதணும். படிச்சு கிளியர் பண்ணினாலும் அது அழியாது. ஊற்றுக்கும் அதே ரெண்டு கட்டம்தான். பி.எச். பார்த்தா முதல் கட்டத்துக்குப் பதில் கிடைக்கும். ஐசோடோப் பார்த்தாத்தான் ரெண்டாவதுக்குக் கிடைக்கும்.

மெஸ் வரிசை நண்பனுக்கு நேத்து ராத்திரி இதையெல்லாம் சொன்னேன். முழுசாக் கேட்டுட்டு, "அப்ப அஞ்சு மார்க் கேள்விக்கு, 'மழை நின்னுடுச்சு, தண்ணி இன்னும் நிக்கல'ன்னு எழுதலாமா?"ன்னான்.

எழுதலாம் மச்சி. நான் பேப்பர் திருத்தினா அஞ்சுக்கு அஞ்சு.

அடுத்த வாரம் பார்ப்போம். வர்ட்டா!